வெள்ளவத்தைப் போன் கடைத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கு,

காலி வீதியில் சவோய் தியேட்டரடியிலிருந்து சந்தை வரைக்கும் நடந்தால் புடவைக் கடைகளுக்கு நடுவில் எத்தனை போன் கடைகள் என்று எண்ணி முடியாது. அதில் எந்தக் கடையில் நிற்பவராக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான், ஒரு கடையைக் குறிவைத்து எழுதவில்லை. என்னை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரீலோட் போடும்போது வாயைத் திறக்காமல், கண்ணாடி ஒட்ட வந்தால் மட்டும் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற அன்ரி. ஓய்வு பெறும்வரை ஒரு நிறுவனத்தின் நெட்வேர்க் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

விஷயம் என் மாமியின் போன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு பிள்ளை ரொரன்ரோவில், ஒரு பிள்ளை லண்டனில், ஆகவே அவருக்குப் போன்தான் வீடு. கொஞ்ச நாளாக இரண்டு முறைப்பாடு: டேட்டா பாதி மாதத்திலேயே முடிகிறது, வங்கிச் செயலி திறக்க மாட்டேன் என்கிறது. வாங்கிப் பார்த்தேன். திரையின் உச்சியில் ஒரு சின்னச் சாவி. "அது போன் பூட்டியிருக்குது எண்டு காட்டுறது, பயமில்லை" என்று எனக்கே விளக்கம் சொன்னார். அந்தச் சாவி, விபிஎன், அதாவது போனின் இணையப் போக்குவரத்தை வேறொருவர் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி, ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஆண்ட்ராய்ட் காட்டும் அடையாளம். பெயர் கேள்விப்படாத ஓர் இலவச விபிஎன். 2019 ஏப்ரலில் ஒரு கடையில் ஏற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு போன் இரண்டு தரம் மாறியது. பழைய போனில் இருந்ததையெல்லாம் புதியதுக்கு மாற்றித் தரும்போது அதுவும் கூடவே வந்திருக்கிறது, கலியாண வீட்டில் யாருடைய சொந்தக்காரர் என்று தெரியாமலே பந்தியில் இருப்பவரைப் போல.

ஏற்றிக் கொடுத்ததைக் குறை சொல்ல வரவில்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த நாளில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டு, கிட்டத்தட்ட ஒன்பது நாள் அப்படியே கிடந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா உயிரோடு இருக்கிறாவா என்று துடித்த நேரத்தில் வழி திறந்துவிட்டது நீங்கள்தான். அதற்கு முதல் வருடம் திகன கலவரத்தின்போதும் இதே கதை. உங்களில் இளையவர்களுக்கு நினைவிருக்காது, நம்மவர்களுக்கு இது 2018இல் தொடங்கியதும் இல்லை. 2007 யூன் மாதம் தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தை இங்கே முடக்கினார்கள். கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும் அதே மாதம்தான். அப்போது முடக்கிய தளத்தை இன்னொரு தளம் வழியாகத் திறந்து காட்டும் ப்ரொக்சி தளங்களைத் தேடித் தேடிச் செய்தி வாசித்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் அந்தரங்கம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது 2022 ஏப்ரல் 3ஆம் திகதி வந்ததே, அது இன்னும் வேடிக்கை. ஊரடங்கு, கடைகள் பூட்டு, நள்ளிரவு தாண்டியதும் சமூக ஊடகங்களும் பூட்டு. எங்கள் மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் உங்களில் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து வரிசையாக விபிஎன் ஏற்றிக் கொடுத்தார், யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, தான் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும் இப்படியான தடைகளால் பயனில்லை என்றும் ட்விட்டரில் போட்டார். அன்று பின்னேரமே தடையை எடுத்துவிட்டார்கள். ஆக, தடையைத் தாண்டுவது விபிஎன்னின் உண்மையான பலம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2019இல் விபிஎன் சேவையையே தடுத்ததும் நடந்தது என்பதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். நீங்கள் அதை ஏற்றிக் கொடுக்கும்போது "இனி ஆரும் பார்க்கேலாது அன்ரி" என்று சொல்கிறீர்கள். அந்த ஒரு வசனம்தான் பிழை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாது. கிளாலிக் கடலைத் தாண்டிப் போகிற யாராவது ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிடுவோம். தபால் கந்தோருக்கு நாங்கள் யாருக்கு எழுதினோம் என்று தெரியாது. கொண்டுபோகிறவருக்குத் தெரியும். அதனால் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்போம்: எந்த ஊர், யாருடைய பிள்ளை, வாய் காப்பாரா? விபிஎன் இந்த வேலையைத்தான் செய்கிறது. மாமியின் போனிலிருந்து போவதெல்லாம் ஒரு குழாய்க்குள் அடைபட்டு, சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருக்கும் ஒரு சேவருக்கு, அதாவது விபிஎன்காரனின் கணினிக்குப் போய், அங்கிருந்து வெளியே வருகிறது. இங்குள்ள இணைப்பு நிறுவனத்துக்கு அந்தச் சேவரின் முகவரியும், எப்போது எவ்வளவு டேட்டா போகிறது என்பதும் மட்டும் தெரியும். முன்பு அவர்களுக்குத் தெரிந்த மிச்சமெல்லாம் இப்போது விபிஎன்காரனுக்குத் தெரியும். பார்க்கிற கண் மூடவில்லை, வேறொருவருடைய கண்ணாக மாறியிருக்கிறது.

அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் கூட்டிச் சொல்லக்கூடாது. இன்றைக்கு அநேகமான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய முறையில் ஓடுகின்றன, கடிதம் ஒட்டியபடிதான் போகும். எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது தெரியும். உள்ளே என்ன எழுதினோம் என்பது தெரியாது. வட்ஸ்அப் செய்திகள் 2016இலிருந்து முனைக்கு முனை பூட்டப்பட்டவை, அதற்கு விபிஎன் புதிதாக ஒரு பூட்டும் போடுவதில்லை. மரைன் டிரைவ் கோப்பிக் கடை வைஃபையில் விபிஎன் இல்லாவிட்டால் கள்ளன் வந்துவிடுவான் என்ற பயமும் பத்து வருடத்துக்கு முந்தையது. கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். ஆனால் எந்தத் தளம் என்பதே சிலநேரம் முழுக் கதையையும் சொல்லிவிடும். ஒரு பெண் இரவு ஒரு மணிக்கு விவாகரத்துச் சட்டத்தரணியின் தளத்தைப் பார்த்தார் என்றால் உள்ளே என்ன வாசித்தார் என்று தெரியவேண்டுமா?

ஆகவே கேள்வி, கொண்டுபோகிறவர் யார்? 2016இல் அவுஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் வேறு பல்கலைக்கழகக்காரர்களும் 283 ஆண்ட்ராய்ட் விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 18 செயலிகள் எதையுமே பூட்டவில்லை. பெயர்தான் விபிஎன். நூற்றுக்கு 75இல் வேறு நிறுவனங்களின் வேவு நிரல்கள் உள்ளே இருந்தன. 2020இல் ஹொங்கொங் நிறுவனம் ஒன்றின் யுஎஃப்ஓ விபிஎன், எந்தப் பதிவும் வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டே, பாவனையாளர்களின் பாஸ்வேர்டையும், இணையத்தில் அவர்கள் இணைப்பைக் காட்டிக்கொடுக்கும் ஐபி முகவரியையும் பூட்டில்லாத சேவரில் போட்டு வைத்திருந்தது பிடிபட்டது. பேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. ஒனாவோ ப்ரொடெக்ட் என்று விபிஎன்னாகக் கொடுத்துவிட்டு, மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்று பார்த்துத் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது. 2019இல் மூடினார்கள். பாதுகாப்பு என்று சொல்லிப் பாவனையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் போட்டது. சேவர் வாடகை யாராவது கட்டத்தான் வேண்டும். மாமி கட்டவில்லை, அப்படியென்றால் மாமியை வைத்து யாரோ கட்டுகிறார்கள்.

நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸ் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையோடு போய், எடுத்துப்போக ஒன்றும் இல்லாமல் திரும்பியது. அவர்கள் பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை, ஓர் இலக்கம் மட்டும்தான் கணக்கு. ஆனால் மாதம் 5 யூரோ. இலவசம்தான் வேண்டும் என்றால், விளம்பரம் இல்லாமலும், பதிவு வைக்கிறார்களா என்று வெளியாட்களைக் கொண்டு சோதித்து அறிக்கை போட்டும் நடத்துகிற ப்ரோட்டான் மாதிரியானது இருக்கிறது. எனக்கு யாரும் கொமிஷன் தரவில்லை.

டேட்டா முடிகிற மர்மம் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். மாமியிடம் இருந்தது வட்ஸ்அப், பேஸ்புக்குக்கு மட்டுமான பக்கேஜ். விபிஎன் குழாய்க்குள் போனால் அது வட்ஸ்அப் என்று நிறுவனத்துக்கு அடையாளம் தெரியாது, சாதாரண டேட்டாவில்தான் வெட்டும். பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் வீடியோவில் கதைத்தால் கதை முடிந்தது. ரீலோட் விற்கிற உங்களுக்கே இது தெரியாதா?

இதன் மறுபக்கமும் உங்கள் கடைகளில் நடக்கிறது, ஒளிக்க வேண்டாம். சூம் செயலிக்கு மட்டுமான மலிவுப் பக்கேஜைப் போட்டுவிட்டு, மற்றப் போக்குவரத்தையும் சூம் மாதிரி வேடம் போட்டு அனுப்பும் வி2ரே வழியாக முழு இன்டர்நெட்டும் ஓட்டுவது. மாதக் காசுக்கு டெலிகிராமில் சேவர் விற்கிற பொடியன் யாரென்று உங்களுக்கே தெரியாது. ஓ.எல். எடுக்கிற ஒரு பிள்ளையின் போன் முழுவதும் அவனுடைய வாடகைச் சேவரின் ஊடாகப் போகிறது. நிறுவனத்தை ஏமாற்றுவது சரியா பிழையா என்பதை விடுங்கள், அதை நிறுவனமும் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது கிளாலிக் கேள்விதான்: எந்த ஊர், யாருடைய பிள்ளை?

வங்கிச் செயலிக்கு வருவோம். வெள்ளவத்தையில் இருக்கிற எண்பது வயதுக்காரி காலையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் மாலையில் சிங்கப்பூரிலிருந்தும் கணக்கைத் திறந்தால் எந்த வங்கியும் பயப்படும். பூட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போட மாமியைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறி கிளைக்குப் போய் வந்தோம். வங்கிமேல் கோபமில்லை. சீரியல் பார்க்க "இந்தியா" என்று அமத்திக் கொடுக்கிறீர்களே, அதிலும் ஒரு விஷயம். 2022 ஏப்ரலில் இந்திய அரசு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி எல்லாம் ஐந்து வருடம் வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ், நோர்ட் போன்றவை இந்தியாவிலிருந்த சேவர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. சீரியல் பார்க்கப் பரவாயில்லை. அந்தரங்கத்துக்கு என்று சொல்லி விற்காதீர்கள்.

டுபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் போகிற கிழமை உங்களிடம் வருவார்கள். அங்கே வட்ஸ்அப் கோல் வேலை செய்யாது, விபிஎன் போட்டுத் தாங்கோ என்பார்கள். இலங்கையில் விபிஎன்னைத் தடைசெய்யும் சட்டம் இல்லை. அங்கே விஷயம் வேறு. ஐபி முகவரியை மறைத்து ஒரு குற்றம் செய்தால், அல்லது குற்றத்தை மறைத்தால், 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி சிறை, 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை தண்டம், இதில் ஒன்றோ இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டுக்குக் கதைத்ததற்காக ஒருவரைப் பிடிப்பார்களா இல்லையா என்பதல்ல, அந்தச் சட்டம் இருக்கிறது என்பதை ஏற்றிக் கொடுக்கிறவர் ஒரு வசனத்தில் சொல்ல வேண்டாமா? கடன்பட்டுப் போகிற சனம் அது.

விபிஎன் மறைக்காதவற்றை நீட்டி எழுதப் போவதில்லை. கூகுளுக்குள்ளும் பேஸ்புக்குக்குள்ளும் சொந்தப் பெயரில் நுழைந்துவிட்டு ஐபியை மறைத்து என்ன பயன்? சிம் அடையாள அட்டையில் இருக்கிறது, எந்தக் கோபுரத்தடியில் போன் நிற்கிறது என்பது எப்படியும் தெரியும். "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரியைச் சரிபாருங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்து, மாமி கார்ட் இலக்கத்தை எழுதிக் கொடுத்தால், விபிஎன் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கள்ளனிடம் சேர்க்கும்.

அப்புறம், சொல்லத் தயங்கியதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அந்தரங்கம் அதிகமாகக் கசிகிற இடம் உங்கள் மேசைதான். புதுப் போன் வாங்கியதும் அன்ரிமாருக்கு ஜிமெயில் திறந்து கொடுக்கிறீர்கள். பாஸ்வேர்ட் பெயரும் பிறந்த வருடமும், அல்லது கடையில் எல்லோருக்கும் போடுகிற ஒரே சொல். அதை ஒரு கொப்பியிலும் எழுதி வைக்கிறீர்கள், அவர்கள் மறந்துபோய் வருவார்கள் என்று நல்ல மனதோடுதான். திரை மாற்ற வருகிற போனில் பூட்டைத் திறக்கும் இலக்கத்தை எழுதி ஒட்டி, லாச்சியில் போடுகிறீர்கள். லாச்சி திறந்தே கிடக்கிறது. ஒருநாள் நான் நின்ற நேரத்திலேயே ஒரு பெண்ணின் போனைச் சரிபார்க்க அதன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார் ஒருவர். தொடுதிரை வேலை செய்கிறதா என்று பார்க்கக் கல்குலேட்டர் போதாதா? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறிவிட்டது. அது வந்து உங்கள் கொப்பியைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே கிழித்துவிடுங்கள். பாஸ்வேர்டை அவர்கள் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் கூடப் போகும், போகட்டும்.

விபிஎன்னைப் பொறுத்தவரை, கேட்டால் ஏற்றுங்கள், கேட்காமல் ஏற்றாதீர்கள். என்னத்துக்கு என்று கேளுங்கள். தடை வந்த நாளில் அம்மாவோடு கதைக்கவா, சீரியல் பார்க்கவா, அல்லது உண்மையிலேயே ஒருவர் தன்னைத் தேடுகிறார் என்ற பயமா? கடைசி ரகத்தில் வருகிற ஒருவருக்கு, ஒரு பத்திரிகைக்காரராகவோ வீட்டை விட்டு வந்த பெண்ணாகவோ இருக்கலாம், இலவசச் செயலி ஒன்றைப் போட்டு "பயமில்லை" என்று அனுப்புவது பாவம். அவருக்கு விபிஎன் மட்டும் காணாது என்று சொல்லுங்கள். மற்றவர்களுக்குச் சாவி அடையாளத்தைக் காட்டி, எப்படி நிறுத்துவது என்று காட்டுங்கள். போன் மாற்றும்போது பழைய விபிஎன் கூட வந்தால், அவர்களைக் கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள்.

மாமியின் போனில் இருந்ததை நான் எடுத்துவிட்டேன். சாவியைக் காணவில்லை, போன் பூட்டுப்படுதில்லை என்று இரண்டு நாளாகக் குறை சொல்கிறார். சனிக்கிழமை காலை அவரைக் கூட்டிக்கொண்டு வருவேன், நான் சொன்னால் நம்ப மாட்டார், கடைத் தம்பி சொன்னால் நம்புவார். ஒரு வெடித்த கண்ணாடியும் மாற்ற இருக்கிறது. விலையை இப்போதே யோசித்து வையுங்கள்.

இப்படிக்கு,
இராமகிருஷ்ண வீதிப் பக்கத்து அன்ரி
கொழும்பு 06