பெருஜியா வழக்கு பற்றி வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கோர்ட்டில் வேலை நெருக்கியதால் இன்றுதான் உட்கார முடிந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே தினசரியை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். மேற்படிப்புக்கு உன் மகளுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூடவே உன் பயமும் புரிகிறது. இத்தாலியின் பெருஜியா நகரில் படிக்கப்போய், கூடத் தங்கியிருந்த பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸ் வழக்கைப் பற்றிப் படித்துவிட்டு, "நீ வக்கீலாச்சே, சொல்லு, அவள் செய்தாளா இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய்.

செய்யவில்லை என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றமே 2015 மார்ச்சில் முடிவாகச் சொல்லிவிட்டது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 2007 நவம்பர் 1 இரவு மெரிடித் கெர்ச்சர் என்ற அந்த இங்கிலாந்து மாணவி கொலையான அறையில் கிடைத்த ரத்தக் கைரேகை ரூடி கெடே என்பவனுடையது. ஜெர்மனிக்கு ஓடிப்போனவனைப் பிடித்துக் கொண்டுவந்து 2008இல் தண்டனையும் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் அதே வீட்டில் குடியிருந்த அமாண்டாவும் அவளுடைய காதலன் ரஃபேலேயும் சிறையில் இருந்தார்கள். அவளுக்கு அப்போது 20 வயது, சியாட்டில்காரி. பிடித்தவர்களை விட போலீசுக்கு மனம் வரவில்லை.

ரஃபேலேயை மாட்டவைத்த சாட்சியத்தைக் கேள். செத்தவளின் உள்ளாடையிலிருந்து அறுந்த ஒரு சின்னக் கொக்கி, அதில் அவனுடைய டி.என்.ஏ. இருந்ததாகச் சொன்னார்கள். முதல் நாளே தரையில் கிடந்ததைப் படம் பிடித்தவர்கள், அதை எடுத்தது 46 நாள் கழித்து. அதற்குள் பலர் வந்துபோய், அது கிடந்த இடமே மாறியிருந்தது. கையுறை போட்ட ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அது போவது போலீசார் எடுத்த வீடியோவிலேயே இருக்கிறது. நம்மூர் செஷன்ஸ் கோர்ட்டில் இப்படி ஒரு சான்றுப்பொருள் வந்தால் குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் நிற்காது.

என்னை உறுத்துவது ஊராரின் பேச்சுதான் வசந்தி. 2009 டிசம்பரில் அமாண்டாவுக்கு 26 வருஷம் தண்டனை என்றதும், இத்தாலிய நீதித்துறையில் அமெரிக்க வெறுப்பு கலந்திருக்கிறதோ என்று அவள் மாநிலத்து செனட்டர் மரியா கான்ட்வெல் வெளிப்படையாகவே கேட்டார். 2011 அக்டோபர் 3 இரவு மேல்முறையீட்டில் விடுதலையானபோது சியாட்டிலில் ஆனந்தக் கண்ணீர். பெருஜியா நீதிமன்ற வாசலில் கூடிய கூட்டமோ "வெட்கம், வெட்கம்" என்று கத்தியது. இந்த இரண்டு கூட்டத்திலும் எத்தனை பேர் அந்தக் கொக்கியைப் பற்றி விசாரித்திருப்பார்கள்? எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைப் பார்த்தே பக்கம் சேர்ந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் டெய்லி மெயில், அப்பாவி ஒருவர் மேல் அமாண்டா பழி போட்டதற்காக அன்று முதலில் வாசித்த அவதூறுத் தீர்ப்பைக் கொலைத் தீர்ப்பு என்று எண்ணி, குற்றவாளி என்றே இணையத்தில் செய்தி போட்டுவிட்டது. அரசுத் தரப்பு வக்கீல்கள் சொன்னதாக, யாரும் சொல்லாத வார்த்தைகளும் அதில் இருந்தன.

2013இல் அந்த விடுதலை ரத்தானபோது, ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வழக்கா என்று அமெரிக்காவில் கொதித்தார்கள். அந்தக் கோபத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு போவது இத்தாலியச் சட்டத்தில் உண்டு, நம் சட்டத்திலும் உண்டு. இத்தாலியில் தவறியது போலீசும் தடயவியலும். கடைசியில் தவறைத் திருத்தியதும் அந்த நாட்டு நீதிமன்றம்தான்.

இந்த இரைச்சலில் காணாமல் போனவர் அந்த அப்பாவி, பாட்ரிக் லுமும்பா. காங்கோவிலிருந்து வந்து பெருஜியாவில் மதுக்கடை நடத்தியவர், அமாண்டாவுக்கு அங்கே வேலை கொடுத்தவர். விடிய விடிய நடந்த விசாரணையில், பக்கத்தில் வக்கீல் இல்லாமல், கொலை செய்தவர் என்று அவள் அவர் பெயரைச் சொல்லிவிட்டாள். அவருக்கு இரண்டு வாரம் சிறை. அன்றிரவு அவர் கடையில்தான் இருந்தார் என்று ஒரு சுவிஸ் பேராசிரியர் வந்து சொன்ன பிறகே வெளியே விட்டார்கள். கடையும் போயிற்று. அவருக்காக எந்த ஊரில் கூட்டம் கூடியது? அந்த விசாரணையில் அவளுடைய உரிமை மீறப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அப்படியும் அவதூறுத் தண்டனையை இத்தாலி 2025 ஜனவரியில் உறுதி செய்துவிட்டது. அவள் மேல் எனக்கு இரக்கம் உண்டு, ஆனாலும் லுமும்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மெரிடித்தை எல்லோரும் மறந்தேவிட்டார்கள் என்று அவள் வீட்டார் வருந்தினார்கள். 21 வயதுப் பெண், ஒரு வருஷம் படித்துவிட்டு வரலாம் என்று போனவள்.

உன் மகளை அனுப்பு, தயங்காதே. ஒன்று மட்டும் சொல்லி வை: எந்த ஊரிலானாலும் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தால், சாட்சியாகத்தான் என்று சொன்னாலும், வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் வரும்வரை வாக்குமூலம் தரவோ கையெழுத்துப் போடவோ கூடாது. கைது என்றால் நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்க 1963 வியன்னா ஒப்பந்தப்படி அவளுக்கு உரிமை உண்டு. அங்கே போய் இறங்கியதும் தூதரக நம்பரை போனில் ஏற்றிக்கொள்ளச் சொல். விசா எப்போது வருகிறது, எந்தத் தேதியில் கிளம்புகிறாள் என்று எழுது, வழியனுப்ப நானும் வருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா