மையத்தில் நிற்போரே, 2027-க்கான ஒப்பந்தத்தை இப்போதே எழுதுங்கள்

கிராமத்தில் வேரூன்றிய போலந்து மக்கள் கட்சியின் (பிஎஸ்எல்) மாவட்டப் பொறுப்பாளர்களுக்கும், நகர மையக் கட்சியான போலந்து 2050 வழியாக அரசியலுக்கு வந்து இன்னும் மையத்தில் நிற்பவர்களுக்கும்,

வணக்கம்.

2023 அக்டோபர் 15 தேர்தலில் உங்கள் ‘மூன்றாம் வழி’ கூட்டணி 14.40 சதவீத வாக்கும், கீழவையான செய்மின் 460 இடங்களில் 65-ம் பெற்றது. போலந்து 2050-க்கு 33, பிஎஸ்எல்லுக்கு 32. அந்த 65 பேர் இல்லாமல் பிரதமராக டொனால்ட் டுஸ்க் ஆட்சி அமைத்திருக்க முடியாது. ஆனால் 2025 ஜூனில் கூட்டணியே முடிந்துபோனது. அடுத்த செய்ம் தேர்தல் 2027-இல் வருகிறது. மறுபடி ஒரே பட்டியலில் நில்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஆனால் 2023-இல் சேர்ந்ததுபோல் சேர்ந்தால் அதே இடத்தில்தான் மறுபடி உடையும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் கூட்டணி என்றால் தொகுதிப் பங்கீடு: இந்தத் தொகுதி உனக்கு, அந்தத் தொகுதி எனக்கு. போலந்தின் செய்ம் தேர்தலில் மொத்தம் 41 தொகுதிகள்தான். ஒவ்வொன்றிலிருந்தும் 7 முதல் 20 பேர் தேர்வாகிறார்கள். கூட்டணிக் கட்சிகள் இரண்டும் ஒரே பட்டியலில் பெயர் கொடுக்கின்றன. வாக்காளர் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயருக்கு நேராகக் குறியிடுகிறார். ஆகவே பட்டியலில் பக்கத்தில் இருக்கும் தோழரே உங்களுக்கு முதல் போட்டியாளர்.

இனி கணக்கு. டி’ஹோண்ட் முறையில் ஒவ்வொரு பட்டியலின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வகுத்து, கிடைக்கும் எண்களில் பெரியவற்றுக்கு வரிசையாக இடம் ஒதுக்குகிறார்கள். எட்டு இடமுள்ள ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். பெரிய கட்சிகள் இரண்டுக்கு 38, 30 சதவீதம். மற்ற இருவருக்கு 9, 8. கிராமக் கட்சிக்கு 8, நகர மையக் கட்சிக்கு 7. வகுத்துப் பாருங்கள்: முதல் கட்சிக்கு நான்கு இடம், இரண்டாவதற்கு மூன்று, 9 சதவீதக்காரருக்கு ஒன்று. உங்கள் இருவருக்கும் பூஜ்யம். 8-ஐயும் 7-ஐயும் சேர்த்து 15 ஆக்கினால் ஓர் இடம் நிச்சயம். சேர்ந்ததைப் பிடிக்காமல் நாலு புள்ளி வேறு பக்கம் போய் 11-க்கு இறங்கினாலும் அந்த இடம் போகாது. கூட்டணியால் சில ஆதரவாளர்கள் விலகிவிடுவார்கள் என்று அஞ்சுபவர்கள் இந்த வகுத்தலைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 2023-இன் உண்மையான முடிவும் இதையே சொல்கிறது. இடதுசாரிகள் 8.61 சதவீதம் வாங்கி 26 இடம் பெற்றார்கள். உங்கள் வாக்கு அவர்களுடையதைப் போல் 1.7 மடங்குகூட இல்லை, இடமோ இரண்டரை மடங்கு.

அடுத்தது, எந்த வடிவில் பதிவு செய்வது என்ற கேள்வி. செய்மில் இடம் பெற நாடு தழுவிய குறைந்தபட்ச வாக்கு வரம்பு தனிக் கட்சிக்கு 5 சதவீதம், கூட்டணிக் குழுவுக்கு 8. 2015-இல் ஐக்கிய இடதுசாரிகள் கூட்டணியாகப் பதிவு செய்து 7.55 சதவீதத்தில் நின்றார்கள். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அப்படி வீணான வாக்குகளின் புண்ணியத்தில் வலதுசாரியான ‘சட்டமும் நீதியும்’ கட்சி 37.58 சதவீதத்தை வைத்துக்கொண்டு 235 இடத்துடன் தனிப்பெரும்பான்மை பெற்றது. 2019-இல் இதற்கு மாற்று வழி தேடினார்கள். பிஎஸ்எல் தன் கட்சிப் பட்டியலிலேயே பாடகர் பாவெல் குகிஸின் இயக்கமான குகிஸ்’15 வேட்பாளர்களுக்கு இடம் கொடுத்தது. வரம்பு 5-ஆகவே இருந்தது, 8.55 சதவீதம், 30 இடம். ஆனால் இரவல் பட்டியலில் வரும் கட்சிக்கு அரசு மானியம் கிடையாது, பட்டியலின் சொந்தக்காரருக்கே எல்லாம் போகும். அந்த உறவு 2020-இலேயே முடிந்துவிட்டது.

ஆகவே இரண்டு வடிவத்துக்கும் விலை உண்டு. தேர்தலுக்கு முந்தைய கோடையில் இருவரின் கூட்டு ஆதரவு 10-ஐத் தாண்டி நிலைத்து நின்றால் கூட்டணிக் குழுவாகப் பதிவு செய்யுங்கள். 8-ஐ ஒட்டி ஊசலாடினால் ஒரு கட்சியின் பட்டியலே பாதுகாப்பு. கூட்டணிக் குழு 6 சதவீதம் தாண்டினால் மானியம் உண்டு. அதை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதைக் கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அதைக் கடைசி இரவு வரை இழுக்காதீர்கள்.

பட்டியல் இருக்கைகளில்தான் மனக்கசப்பு அதிகம். ஒரு தொகுதியில் எத்தனை இடமோ, அதைப் போல் இரு மடங்கு வரை பெயர் போடலாம். ஆண், பெண் இரு பாலரும் தலா 35 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தொகுதிக்கு 5,000 கையெழுத்து வேண்டும். பாதித் தொகுதிகளில் பதிவு முடிந்துவிட்டால் மீதிக்குத் தேவையில்லை. முதல் இடத்தில் இருப்பவருக்கே வாக்கு குவியும். கடைசிப் பெயரையும் கண் எளிதில் பிடித்துவிடும். தலைவர்கள் வார்சாவில் உட்கார்ந்து சரிபாதி என்று பிரித்தால் கிராமங்கள் நிறைந்த கெல்ட்சே தொகுதியில் நகரத்துப் புதுமுகமும், பெருநகரமான வ்ரோட்ஸ்வாவில் விவசாயச் சங்கப் பொறுப்பாளரும் முதல் இடத்தில் போய் நிற்பார்கள். 2023-இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு வாக்குச்சாவடியில் விழுந்த வாக்கு தேர்தல் ஆணையத்தின் பதிவில் கிடைக்கிறது. தொகுதி வாரியாக அதைக் கூட்டுங்கள். எந்தக் கட்சியின் பெயர்கள் அதிகம் குறியிடப்பட்டனவோ அதற்கு முதலிடம், மற்றதற்கு இரண்டாவதும் கடைசியும் என்று விதியாகவே எழுதி வையுங்கள். எழுதிய விதி இருந்தால் மாவட்டப் பொறுப்பாளர்களின் தகராறு பாதியாவது குறையும்.

இவையெல்லாம் முடிகிற வேலைகள். 2023-இல் பெரும்பாலும் முடித்தும் காட்டினீர்கள். கூட்டணியைத் தின்றது தேர்தலுக்குப் பிந்தைய வெற்றிடம்தான். அப்போது வேளாண் அமைச்சகம் பிஎஸ்எல்லிடமும், சுற்றுச்சூழல் அமைச்சகம் போலந்து 2050-இடமும் இருந்தன. 2024 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பருவநிலைத் திட்டமான பசுமை ஒப்பந்தத்தையும் உக்ரைன் தானிய இறக்குமதியையும் எதிர்த்து விவசாயிகளின் டிராக்டர்கள் சாலைக்கு வந்தபோது, ஒரே கூட்டணியின் இரு அமைச்சகங்கள் இரு வேறு மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பூஜ்ய வட்டி வீட்டுக்கடனை பிஎஸ்எல் வசமிருந்த அமைச்சகம் தயாரித்தது, போலந்து 2050 எதிர்த்தது. 2024 ஜூலை 12 அன்று கருக்கலைப்புக்கு உதவுவோரைத் தண்டனையிலிருந்து விலக்கும் மசோதா 215-க்கு 218 என்று தோற்றது. பிஎஸ்எல் உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள். நகரத்துப் பெண்கள் அந்த மூன்று வாக்கு இடைவெளியை மறக்கவில்லை.

கருக்கலைப்பில் உங்கள் இருவரையும் ஒன்றாக்க யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். மனச்சாட்சி வாக்கு என்று தேர்தலுக்கு முன்பே அறிவியுங்கள், ஒவ்வொரு வேட்பாளரும் தன் நிலையைப் பெயருக்கு நேரே வெளியிடட்டும். திறந்த பட்டியல் இருப்பதால் வாக்காளர் தனக்கு வேண்டியவரைத் தேர்ந்துகொள்வார். மறைத்து வைத்து வாங்கிய வாக்கு சபையில் முதல் வாக்கெடுப்பிலேயே கோபமாகத் திரும்பும்.

நிலம், பயிர், காற்றாலை போன்றவற்றுக்கு இந்த வழி போதாது. அவற்றில் ஒரே முடிவு வேண்டும். காற்றாலைக்கும் வீட்டுக்கும் எத்தனை மீட்டர் என்பதில் 700-க்கும் 500-க்கும் நடுவே நாடே ஆண்டுக்கணக்கில் இழுபறிப்பட்டது. 500 என்று சபை நிறைவேற்றிய சட்டத்தை 2025 ஆகஸ்டில் அதிபர் நவ்ரோட்ஸ்கி தடுத்துவிட்டார். காற்றாலை வருமானத்தில் பக்கத்து ஊருக்கு எவ்வளவு, யார் கணக்குப் பார்ப்பது, ஊர்த்தலைவரின் கையெழுத்து எந்தக் கட்டத்தில் வேண்டும் என்று நீங்களே முதலில் பேசி முடித்தால், கிராமமும் நகரமும் சேர்ந்து ஆதரிக்கும் ஒரு மசோதா கைவசம் இருக்கும்.

கிராமம் என்றாலே விவசாயி என்று போலந்து 2050 தரப்பு எண்ணிக்கொள்வதையும் சொல்லியாக வேண்டும். நாட்டு மக்களில் சுமார் 40 சதவீதம் பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் பக்கத்து ஊர் தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் போகிறவர்கள். நின்றுபோன பேருந்து, தூரத்து மருத்துவர், சிறுதொழில் செய்வோரின் சுகாதாரப் பங்களிப்புத் தொகை: இவையே அவர்கள் பேச்சு. அந்தத் தொகையைக் குறைக்கும் சட்டம் 2025 ஏப்ரலில் செய்மில் நிறைவேறி, மே மாதம் அப்போதைய அதிபர் டூடாவின் தடையில் நின்றது. சிறு நகரத்துக் கடைக்காரரையும் கிராமத்துப் பட்டறைக்காரரையும் ஒரே மேடையில் ஏற்ற இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைப்பது அரிது.

பிஎஸ்எல் தரப்புக்கும் ஒன்று. தன்னார்வத் தீயணைப்புப் படையும் கிராமப் பெண்கள் மன்றமும் உங்கள் வேர்கள். ஆனால் 2023-இன் 14.40-இல் ஒரு பங்கு, நீங்கள் 8-ஐத் தாண்டாவிட்டால் அப்போதைய எதிர்க்கட்சி அணியே தோற்றுவிடும் என்று நகரவாசிகள் போட்ட வாக்கு. 2024 ஜூன் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்டாயம் இல்லை; 6.91-க்கு இறங்கினீர்கள். 2020 அதிபர் தேர்தலில் 13.87 வாங்கிய, போலந்து 2050-ஐத் தொடங்கிய ஹோவோவ்னியா 2025-இல் 4.99-இல் நின்றார். ஒரு முகத்தை நம்பி நிற்கும் பட்டியலுக்கு இதுதான் ஆபத்து.

எனவே எங்கள் கோரிக்கை இது. தொகுதி வாரியான வாக்குக் கணக்கை இரு தரப்பும் சேர்ந்து போடுங்கள். 2027 வசந்தத்துக்குள் பட்டியல் விதி, மானிய விகிதம், மனச்சாட்சி வாக்குக்குரிய விஷயங்கள், ஒரே முடிவு வேண்டிய மசோதாக்கள் நான்கையும் கையெழுத்திட்டு வெளியிடுங்கள். சபையில் தகராறு வந்தால் எத்தனை நாளுக்குள் யார் கூடித் தீர்ப்பது, தீராவிட்டால் அந்த மசோதாவை யார் நிறுத்தி வைப்பது என்ற பிரிவும் அதில் இருக்கட்டும். 2023-இல் உங்களிடம் இல்லாமல் போனது அந்தப் பிரிவுதான்.

இப்படிக்கு,
ஐரோப்பியத் தேர்தல் முறைகளைத் தொடர்ந்து கவனித்து வருவோர்