'மரம்' மரமாகவே தெரிய உதவியவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய வீடியோ கேம்களில் கட்டம் கட்டமாக எழுத்து வருமே, அதே மாதிரி என் கேமுக்கு ஒரு தமிழ் எழுத்துருவை ஒருவழியாக முடித்துவிட்டேன். கண்ணைக் கெடுத்துக்கொண்டது மட்டும்தான் என் பங்கு. எழுத்து எழுத்தாகத் தெரிவதற்குக் காரணம் வேறு நாலு பேர்.

அந்தக் கால கேம்களில் ஆங்கிலத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டமே போதுமாக இருந்தது. நம் 'ண' அதற்குள் காலை மடக்கிக்கூட உட்காராது. ('ட' மட்டும் பிறக்கும்போதே பிக்சலாகப் பிறந்த எழுத்து.) மேலே புள்ளிக்கு இடம், கீழே உகர வாலுக்கு இடம் என்று கணக்குப் போட்டுக் குழம்பியிருந்தபோது, தோட்டப்பாளையத்தில் எல்இடி போர்டு செய்யும் அண்ணன் பி10 என்கிற எல்இடி புள்ளிப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தார். அகலம் 32 புள்ளி, உயரம் 16. "இதுக்குள்ள அடங்கினா எங்க கடைக்கும் ஆகும் தம்பி" என்றார். அன்றைக்கே உயரம் முடிவாகிவிட்டது. பலகை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.

ஆரணி மாமா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கிராஃப் தாளில் அவர் நிரப்பும் கட்டங்களைப் பார்த்துத்தான், தறியில் டிசைனை விழவைக்கும் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். என் 'ழ'வைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "வளைவை ஒரே அளவா இறக்கினா பல்லு பல்லாத் தெரியும்டா. மூணு கட்டம் போ, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு" என்று பென்சிலால் போட்டுக் காட்டினார். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன் மாமா.

காட்பாடித் தம்பிக்குத் தனி நன்றி. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் 'வே' என்றால் முதலில் வ, அதன்பின் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். என் கேமோ வந்த வரிசையிலேயே அடுக்கியதால், 'வேலூர்' என்று அடித்தால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'கோ' இன்னும் மோசம், இரண்டு பக்கமும் பிரிய வேண்டும். தம்பி இரண்டு ராத்திரி கண்விழித்துச் சரிசெய்தான்.

கடைசியாக, குடியாத்தம் டீச்சர் அக்கா. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மாதிரித் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் 'மரம்' என்பதை 'மாம்' என்று வாசித்தார்களாம். இடம் போதவில்லை என்று ரகரத்தின் வாலை நான் வெட்டியிருந்தேன், வெறும் துணைக்காலாகிவிட்டது. இப்போது கீழே இரண்டு புள்ளி சாய்வாகச் சேர்த்திருக்கிறேன்.

அதே தாளில் அக்கா சிவப்பு மையில் சுழித்து அனுப்பிய இன்னொன்றும் உண்டு: 'ஔ'. பிள்ளைகள் அதை 'ஒள' என்றுதான் படிக்கிறார்கள். எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தும் 16 புள்ளிக்குள் எனக்குப் பிடிபடவில்லை. யாருக்காவது வழி தோன்றினால் கிராஃப் தாளில் போட்டு அனுப்புங்கள்.