வாளிக்கு முந்தைய 6 மணி நேரம்: எண்ணூர், சென்னைத் துறைமுகங்களுக்கு ஒரு திறந்த மடல்

எண்ணூர் காமராஜர் துறைமுகம், சென்னைத் துறைமுகம் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கும், அங்கே எண்ணெய் ஏற்றி இறக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2017 ஜனவரி 28 அதிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, கிளம்பிப் போன பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும், பெட்ரோலியப் பொருட்களோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் மோதிக்கொண்டன. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர் பாறைகளுக்கு நடுவே மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளியில் கருங்கசடை மொண்டு கைமாற்றிக் கரையேற்றிய படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. வாளியைப் பார்த்துப் பலர் கேலி செய்தார்கள். எங்களுக்கு வாளிமேல் குறையில்லை. அந்தக் கசடுக்கு, அந்தப் பாறையிடுக்கில், அந்த நாளில் வாளிதான் வேலை செய்தது. விஷயம் அதுவரை ஏன் போனது என்பதுதான் கேட்க வேண்டியது.

கடலில் கலந்தது கப்பலை ஓட்டும் கன எரிபொருள். வழக்கமான 380 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை, அதாவது ஓடவிடாத கெட்டித்தன்மையின் அளவு, 380 சென்டிஸ்டோக். கப்பலிலேயே சூடேற்றித்தான் அதை பம்ப் செய்ய முடியும். 28 டிகிரி கடல்நீரில் விழுந்ததும் பாகுநிலை ஆயிரங்களுக்கு ஏறிவிடும். அதற்குமேல் அலை கடையக் கடைய எண்ணெய் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் பாதிக்கு மேல் நீராகி, அளவில் மூன்று நான்கு மடங்கு பெருத்து, கேழ்வரகுக் களி பதத்துக்கு வந்துவிடும். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்து குழாயை விட்டபோது அடைத்துக்கொண்டதில் வியப்பே இல்லை. அவை சாக்கடை நீருக்காகச் செய்யப்பட்டவை. களியை உறிஞ்சு என்றால் பக்கத்திலுள்ள கடல்நீரைத்தான் உறிஞ்சும்.

ஆக, எண்ணெய் எண்ணெயாக இருக்கும் முதல் 6 மணி நேரம்தான் உங்கள் கையில் உள்ள நேரம். அந்த நேரத்தைத் தின்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றார்கள். பிறகு சில டன் என்றார்கள். கடைசியில் கரையில் வாரிய கசடு மட்டும் நூறு டன்னைத் தாண்டியது. (கசடில் பாதிக்கு மேல் நீர் என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கு ஒட்டவில்லை.) இருட்டில் கடற்பரப்பைப் பார்த்துக் கசிவில்லை என்று சொல்ல யாராலும் முடியாது. மோதல் நடந்ததும் எரிபொருள் தொட்டி ஒவ்வொன்றையும் அளவு நாடா விட்டு அளந்து, முந்தைய நாள் பதிவோடு ஒப்பிட வேண்டும். அந்த எண் வரும்வரை, சேதமான தொட்டியில் என்ன இருந்ததோ அது முழுவதும் கடலில் என்று வைத்து அறிவியுங்கள். பிறகு குறைத்துக்கொள்ளலாம். குறைத்தவரை யாரும் குற்றம் சொன்னதில்லை.

தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டப்படி 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை. துறைமுகமும் எண்ணெய் நிறுவனங்களும் தம் கைவசமுள்ள கருவிகளைக் கொண்டு முதலில் எதிர்கொள்ள வேண்டியது. 2017-இல் கசிந்தது எந்த மதிப்பீட்டின்படியும் அதற்கு உட்பட்டதே. கடலோரக் காவல் படை வரட்டும் என்று காத்திருக்க அங்கே இடமில்லை.

கருவிப் பட்டியலில் "ஸ்கிம்மர் 2" என்று எழுதியிருந்தால் எங்களுக்குத் திருப்தியில்லை. ஸ்கிம்மர் என்பது நீர்மேல் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் கருவி. எந்த வகை என்று எழுதுங்கள். மேலடுக்கு வழிந்து உள்ளே விழும் வகை டீசலுக்குச் சரி, கன எரிபொருளுக்கு ஆகாது. தூரிகை அல்லது பட்டை வகை வேண்டும். அதோடு திருகு பம்பும், வாய் அகன்ற ஹோஸும், ஹோஸின் வாயில் வெந்நீர் செலுத்தும் இணைப்பும் வேண்டும். இவ்வளவும் இருந்து, எடுத்த எண்ணெயை ஊற்ற இடம் இல்லாததால் ஸ்கிம்மர் நின்றுபோவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. மிதவைத் தொட்டியோ, பார்ஜ் எனும் தட்டைப் படகோ பெயர் குறித்து முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும் மருந்தை (டிஸ்பர்சன்ட்) தெளித்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். இவ்வளவு கெட்டியான எண்ணெயில் அது ஊடுருவாது. கரையோர ஆழமற்ற நீரில் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் கூடுதல் விஷம்தான் மிஞ்சும்.

எண்ணெய் பரவாமல் தடுக்க நீரில் மிதக்கவிடும் பூம் என்ற தடுப்பு விஷயத்திலும் இதே கவனம் தேவை. நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகப் போட்டால், வேகம் 0.7 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) என்ற அளவைத் தாண்டியதும் எண்ணெய் அடியில் நழுவிப் போய்விடும். ஓட்டம் ஒன்றரை நாட் என்றால் பூமை நீரோட்டத் திசைக்கு 28 டிகிரிக்குள் சாய்த்துப் போட்டு, எண்ணெயை அமைதியான ஓரத்துக்கு ஒதுக்க வேண்டும். அதற்குக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தின் இரு கரையிலும் நங்கூரக் கான்கிரீட் கட்டைகள் இப்போதே இருக்க வேண்டும். கடல் பக்கம் மட்டும் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக உள்ளிருந்து கழிமுகத்தில் இறங்கியதே! தை மாதத்தில் ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைக் காசிமேட்டில் எந்தப் படகோட்டியைக் கேட்டாலும் சொல்வார். பூம் இழுக்கும் ஃபைபர் படகுகளுக்கு இப்போதே கூலி பேசி ஒப்பந்தம் போடுங்கள்.

மோதலையே தவிர்ப்பது பற்றிச் சுருக்கமாக. இரட்டைச் சுவர் சரக்குத் தொட்டியைக் காக்கும். எரிபொருள் தொட்டிக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்ற விதி, கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையில் உள்ளது, 2010 ஆகஸ்ட் 1 முதல் ஒப்படைக்கப்பட்ட கப்பல்களுக்குத்தான். பழைய கப்பல் வருகிறதென்றால், பக்கவாட்டுச் சுவரை ஒட்டி எரிபொருள் இருக்கிறதா என்று வருகைக்கு முந்தைய படிவத்திலேயே கேளுங்கள். வெளியேறும் கப்பல் வழியைவிட்டு முழுதாக விலகும்வரை உள்வரும் டேங்கர் வெளியே நிற்கட்டும். "நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்" என்று வி.எச்.எஃப். ரேடியோவில் பேசிக்கொள்வது கடல்வழி விதிக்கு மாற்று ஆகாது. இதைத் துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுகளுக்கும் கேப்டன்களுக்கும் எழுத்தில் கொடுங்கள்.

பெர்த்தில், அதாவது கப்பல் கட்டி நின்று எண்ணெய் ஏற்றி இறக்கும் இடத்தில், நடக்கும் கசிவுகள் இன்னும் சாதாரணமானவை. ஹோஸை இணைக்கும் ஃபிளாஞ்ச் வளையத்தில் எட்டுத் துளை இருந்தால் எட்டு போல்ட். அவசரத்தில் நான்கு போட்டு இறுக்கினால் கேஸ்கெட் ஒருபக்கம் வாய் திறக்கும். பயன்படாத மேனிஃபோல்டு (கப்பலின் குழாய் இணைப்புத் தொகுதி) வாய்களின் மூடிக்கும் அதே கணக்கு. டெக்கின் வடிகால் துளையை அடைக்கும் ஸ்கப்பர் பிளக்கை மழைநீர் வடியட்டும் என்று கழற்றுபவர், திரும்ப மாட்டும்வரை அங்கேயே நிற்க வேண்டும். தொட்டி நிரம்பும் தறுவாயில் கப்பல் தரப்பு வால்வைச் சட்டென்று மூடினால் அழுத்தம் பின்னோக்கி அடித்து ஹோஸ் கிழியும். முதலில் கரைப் பம்பைக் குறைத்து நிறுத்தி, பிறகு வால்வு. யார் யாருக்குச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்பது பம்ப் தொடங்குமுன் முடிவாகியிருக்க வேண்டும்.

கரையில் இறங்குபவர்களுக்கு நைட்ரில் கையுறையும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கிடங்கில் எண்ணி வையுங்கள். தோலில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வாரிய கசடைக் கனமான பாலித்தீன் விரித்த குழியில் சேர்க்க வேண்டும். வெயிலில் சாக்குப்பையில் விட்டால் ஒழுகி மறுபடி மணலுக்கே வரும்.

மீனவர் இழப்பீட்டைப் பற்றியும் ஒன்று. டேங்கரிலிருந்து கசியும் கன எரிபொருளும் எண்ணெய் மாசு சேதத்துக்குக் கப்பல் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் 1992 உடன்படிக்கைக்குள் வரும். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் உரிமை கோர வேண்டும். கப்பலின் காப்பீட்டாளர் முதலில் கேட்பது வழக்கமான நாளின் பிடி எவ்வளவு என்ற சான்று. மீன்வளத் துறையோடு சேர்ந்து எண்ணூர்க் குப்பங்களுக்குப் பிடிப் பதிவேடு ஏற்படுத்துவது பெரிய செலவில்லை.

வரும் தை மாதத்தில் ஒருநாள், அதிகாலை 4 மணிக்கு, முன்னறிவிப்பின்றி ஒத்திகை நடத்துங்கள். விருந்தினர் பந்தலும் ரிப்பனும் வேண்டாம். எச்சரிக்கை ஒலித்த நேரம், முதல் தொட்டி அளந்து முடித்த நேரம், முகத்துவாரத்தில் பூம் கட்டி முடித்த நேரம் ஆகிய மூன்றையும் அன்று மாலையே வெளியிடுங்கள். எர்ணாவூரிலும் காட்டுக்குப்பத்திலும் அதைத் தமிழில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
எண்ணெய்க் கப்பல்களிலும் எண்ணெய் பெர்த்துகளிலும் வேலை செய்யும் சிலர்