ஏழாவது சீர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி குறைந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. எனக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கொஞ்ச நாள் புத்தகத்தைத் தொடக் கூடாதாம். இதையும் நான் சொல்லச் சொல்ல பேத்திதான் எழுதுகிறாள்.

படிக்க முடியாததால் மனப்பாடமான குறள்களைச் சொல்லிக்கொண்டே படுத்திருக்கிறேன். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளை வெறும் சொல் விளையாட்டு என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு

எதுகை மோனையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே சொல் திரும்பி வந்தால் இரண்டும் தாமாக அமைந்துவிடும். ஆனால் அலகிட்டுப் பார், அதாவது குறளின் ஏழு சீரையும் அசை அசையாகப் பிரித்து வாய்பாட்டுப் பெயர் சொல்லிப் பார். கூவிளம், தேமாங்காய், கூவிளம், தேமாங்காய், கூவிளம், தேமா, பிறப்பு. முதல் ஆறு சீரும் நேரசையில், அதாவது ஒற்றை எண்ணாமல் ஓர் எழுத்தாலான அசையில், தொடங்குகின்றன. ஆறிலும் 'பற்று' இருக்கிறது. அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது ஒட்டிக்கொண்டு வருகிறது: பற்றுக, பற்றினை, அப்பற்றை. ஆறாவது சீரில்தான் எல்லாம் கழன்று வெறும் 'பற்று' என்று தனியே நிற்கிறது. அப்படி நிற்பதால் அது தேமா. 'மா' என்று முடியும் சீருக்கு அடுத்து நிரை, அதாவது ஒற்றை எண்ணாமல் இரண்டு எழுத்தாலான அசை, வந்தால்தான் வெண்பாவுக்கு உரிய பிணைப்பான வெண்டளை அமையும், அதனால் ஏழாவது சீர் நிரையில் தொடங்கியே ஆக வேண்டும். வருகிற சொல் 'விடற்கு'. குறளில் நிரையில் தொடங்கும் சீர் அது ஒன்றுதான். 'பற்று' இல்லாத சீரும் அது ஒன்றுதான்.

உதட்டையும் கவனி. முதல் ஆறு சீரிலும் ஒட்டுகிற உதடு 'விடற்கு' என்னும்போது ஒட்டுவதில்லை. இதே அதிகாரத்தின் முதல் குறளான 'யாதனின் யாதனின்' முழுவதிலும் உதடு ஒட்டாது என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா?

'பற்றுக ஆசை விடற்கு' என்று போட்டாலும் தளை தட்டாது. நான் சொல்லிப் பார்த்தேன், உயிர் போய்விடுகிறது. ஆறாவது முறையும் அதே சொல்லைப் பிடித்திருந்தால்தான் ஏழாவதில் கை விடுவது தெரிகிறது.

சரி, வாய்விட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்து எழுது. அப்புறம், 'துப்பார்க்குத் துப்பாய' குறளையும் அலகிடலாமா என்று பேத்தி கேட்கிறாள். அதை அடுத்த கடிதத்துக்கு வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்