3000 வொட் செட்டும் உன் மகனின் விட்ஸும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். இவ்வளவு நாளும் பதில் போடாததற்குத் திட்ட வேண்டியதை நேரில் வரும்போது திட்டு. உன் மகனின் கார் விஷயம் அவசரம் என்பதால் முதலில் அதற்கு வருகிறேன்.

காரில் 3000 வொட் பாட்டுச் செட் பூட்டிய நாளிலிருந்து சிக்னலில் நின்றால் ஐடில், அதாவது எஞ்சின் சும்மா சுற்றும் வேகம், ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் எஞ்சின் நின்றே போகிறது, கராஜில் எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தரும் ஒல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு மாற்றாதே. 2020இலிருந்து 2025 வரை கார் இறக்குமதி நின்றிருந்ததில் பழைய டொயோட்டா விட்ஸ் எல்லாம் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. அதில் கை வைக்கிறவன் முதலில் அளந்து பார்க்க வேண்டும். உன் கடிதத்தில் ஒரு இடத்திலும் வோல்ட் கணக்கைக் காணவில்லையே! உங்கள் மெக்கானிக் பாஸிடம் மீட்டர் இல்லையா?

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. அம்ப்ளிஃபயருக்குப் போகிற பியூஸைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓடச் சொல். அப்படியும் ஐடில் ஆடினால் குற்றவாளி பாட்டுச் செட் அல்ல, அதைப் பூட்டிய விதம்.

காரணம் இதுதான். வயரிங் செய்யும்போது பெட்டரி டேர்மினலைக் கழற்றியிருப்பார்கள். பழைய எஞ்சினில், காற்றை உள்ளே விடுகிற த்ரொட்டில் தட்டின் ஓரத்தில் கரி பிடித்துக் காற்று போகிற வழி சுருங்கியிருக்கும். ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கம்பியூட்டர், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று, தட்டைக் கூடுதலாகத் திறந்து சமாளித்துக்கொண்டிருந்தது. கரண்ட் போனதும் கற்றதெல்லாம் அழிந்து, புதுக் காரின் கணக்குக்குத் திரும்பிவிட்டது. கரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே த்ரொட்டில் பொடியை, அதாவது அந்தத் தட்டு இருக்கும் குழாயை, அதற்கென்று விற்கும் கிளீனரால் துடைக்கச் சொல்; கார்பரேட்டர் கிளீனர் வேண்டாம், சில தட்டுகளின் பூச்சை அது தின்றுவிடும். கிளீனரைத் துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும், உள்ளே நேரே அடிக்கக் கூடாது. மோட்டரில் திறக்கிற தட்டு என்றால் சாவி போட்ட நிலையில் விரலால் தள்ளவே கூடாது. பிறகு எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஏசியும் செட்டும் இல்லாமல் 10 நிமிடம் சும்மா ஓட விட்டு, ஏசியைப் போட்டு இன்னும் 5 நிமிடம் விடட்டும். விட்ஸுக்குப் பெரும்பாலும் இது போதும். நிசான் என்றால் தனியாகக் கற்பிக்க வேண்டிவரும், ஸ்கேனர் இருந்தால் லேசு.

பியூஸைக் கழற்றியதும் ஐடில் நேராகிவிட்டால் கதை வேறு. அப்போது மீட்டரை எடுக்கட்டும். காலையில் ஸ்டார்ட் பண்ண முன் பெட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து ஐடிலில் பார்த்தால் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி, கடைசியாகப் பாட்டு என்று ஒவ்வொன்றாகப் போடட்டும். பாட்டின் பேஸ் அடி விழும்போது 13க்குக் கீழே இறங்கி அங்கேயே கிடந்தால், எஞ்சினை 2000 சுற்றுக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். 14க்குத் திரும்பினால் ஒல்டர்னேட்டரில் பிழையில்லை, ஐடிலில் அதனால் தரக்கூடியது அவ்வளவுதான். திரும்பாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஒல்டர்னேட்டருக்குள் பிரஷ், டயோட் போயிருக்கும். மீட்டரை ஏசி வோல்ட் (குளிரூட்டி அல்ல, மாறுமின்னோட்டம்) பக்கம் திருப்பி அதே பெட்டரியில் வைத்தால் 0.5க்கு மேல் காட்டுகிறதா? அப்படியென்றால் டயோட்தான்.

இப்போது அந்த "3000 வொட்". பெட்டியில் என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள் மச்சான். அம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் இருக்கிற பியூஸ்களைக் கூட்டு. 30 அம்பியர் பியூஸ் இரண்டு என்றால் 60 அம்பியர். அதை 13.8ஆல் பெருக்கி, கிளாஸ் டி வகை அம்ப்ளிஃபயருக்குத் திறன் 80 வீதம் என்று எடுத்தால் ஏறக்குறைய 660 வொட். உண்மை அவ்வளவுதான். மகனிடம் மெதுவாகச் சொல், மனம் உடைந்துவிடப் போகிறான்.

ஆனால் அந்த 660உம் ஐடிலில் அதிகம்தான். ஒல்டர்னேட்டரில் 70 அம்பியர் என்று எழுதியிருந்தால் அது வேகமாகச் சுற்றும்போது தருவது. சூடேறி ஐடிலில் சுற்றும்போது பாதி கிடைத்தாலே பெரிய காரியம். பம்பலப்பிட்டிச் சந்தியில் இரவு சிவப்பு விளக்கில் நிற்கிறான் என்று வை: ஹெட்லைட்டுக்கு மட்டும் 8 அம்பியர், அதோடு ஏசி புளோவர், ரேடியேட்டர் ஃபான், எஞ்சினின் சொந்தத் தேவை. பாட்டுக்கு என்ன மிஞ்சும்? மிச்சத்தைப் பெட்டரி தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது.

எஞ்சின் ஏன் ஆடுகிறது என்றால், ஒல்டர்னேட்டர் சும்மா சுற்றும் சக்கரம் அல்ல. ஐடிலில் கிடைக்கிற 35 அம்பியரை 14 வோல்ட்டில் எடுத்தாலே 490 வொட். அதன் திறன் பாதிதான் என்பதால் பெல்ட் வழியாக ஒரு குதிரைவலுவுக்கு மேல் எஞ்சினிலிருந்து இழுக்கும். 996 சீசீ, மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஐடிலில் அது பெரிய பாரம். படி ஏறுகிறவன் தோளில் அரிசி மூட்டையைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தால் எப்படி ஏறுவான்? ஹெட்லைட் போட்டால் ஈசியூவுக்குத் தகவல் போகிற வாகனங்கள் உண்டு. பெட்டரியிலிருந்து நேரே இழுக்கிற அம்ப்ளிஃபயரைப் பற்றி அதற்கு யாரும் சொல்வதில்லை. சுற்று விழுந்த பிறகுதான் தட்டைத் திறக்கும். அதற்குள் பேஸ் அடி முடிந்திருக்கும், சுற்று மேலே துள்ளும், திரும்ப மூடும், அடுத்த அடி வந்துவிடும். திருவிழாவில் நம் கட்டையன் ஜெனரேட்டரை மூச்சடைக்க வைத்தது இதே விதமாகத்தான். அவன் இன்றைக்கும் சாமி குற்றம் என்கிறான்.

ஐடிலை ஏற்றி வைக்கச் சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே. மோட்டர் த்ரொட்டிலில் அதற்கு ஸ்குரூவே கிடையாது. தட்டை நெம்பி வைத்தால் ஈசியூ குழம்பும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைத்துத் தரும் கப்பாசிட்டரும் வேண்டாம். 1 ஃபராட் கப்பாசிட்டர் 1 வோல்ட் இறங்கும்போது தருவது 1 அம்பியரை ஒரு செக்கன். 60 அம்பியர் கேட்டால் செக்கனில் 60இல் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். நீல வெளிச்சம் மட்டும் அழகாக இருக்கும். இரண்டாவது பெட்டரியும் கரண்டை உண்டாக்காது, அதை நிரப்பவும் அதே ஒல்டர்னேட்டர்தான் வேண்டும்.

செய்ய வேண்டியது எர்த்தையும், அதாவது பெட்டரி நெகட்டிவிலிருந்து காரின் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் போகும் இணைப்பையும், தடித்த வயர்களையும் பார்ப்பது. பாட்டு ஓடும்போது பெட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு குச்சி, எஞ்சின் புளொக்கில் ஒரு குச்சி: 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஒல்டர்னேட்டரின் தடித்த வயரிலிருந்து பெட்டரி பொசிட்டிவ் வரை 0.5 மேல் எல்லை. கூடினால் மூன்று வயரை மாற்று: ஒல்டர்னேட்டரிலிருந்து பெட்டரிக்கு, பெட்டரி நெகட்டிவிலிருந்து காரின் பொடிக்கு (உடல் தகட்டுக்கு), எஞ்சினிலிருந்து பொடிக்கு. 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர், முழுச் செம்பு. வாங்கும்போது ஒரு இழையைச் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடு. டிக்கிக்குள் அம்ப்ளிஃபயரின் எர்த் 45 சென்டிமீட்டருக்குள், பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருந்தால் உடனே கழற்று.

இனிச் சொல்வது பகிடி இல்லை. பெட்டரியிலிருந்து பின்னால் போகிற வயரில், பெட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல். அம்ப்ளிஃபயரில் இருக்கிற பியூஸ் அம்ப்ளிஃபயரைக் காக்கும், வயரைக் காக்காது. எஞ்சின் பக்கத்துத் தகட்டுத் துவாரத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் இழுத்திருந்தால், அதிர்வில் உறை தேய்ந்து தகட்டில் முட்டும். பிறகு பெட்டரியின் முழுக் கரண்டும் கார்ப்பெட்டுக்குக் கீழேதான். பியூஸ் இல்லையென்றால் போடும்வரை அந்த வயர் பெட்டரியில் இருக்கவே கூடாது. அம்ப்ளிஃபயரின் பியூஸ்கள் கூட்டி 60 என்றால் 60 அம்பியர் பியூஸ் போதும்.

இவ்வளவும் செய்தும் சிக்னலில் வோல்ட் விழுந்தால் அப்போது பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகலாம், நானும் வருகிறேன். அதே பிடிப்பும் அதே புலியும் (பெல்ட் ஓடும் சக்கரமும்) உள்ள பெரிய ஒல்டர்னேட்டர் வேண்டும். பெஞ்சில் ஓட்டி, சூடான பின் ஐடில் வேகத்தில் எத்தனை அம்பியர் என்று காட்டினால்தான் காசு. சின்னப் புலி போட்டுத் தருகிறேன் என்பார்கள். ஐடிலில் நல்லதுதான், ஆனால் கட்டுநாயக்க பாதையில் 100இல் ஓடும்போது பேரிங்கின் கதி என்ன?

அதுவரை சிக்னலில் சவுண்டைக் குறைக்கச் சொல். வெள்ளவத்தைச் சனமும் வாழ்த்தும்.

அக்காவின் முழங்கால் எப்படி? அடுத்த கடிதத்தில் அதையும் எழுது, நான் கேட்ட எல்லா வோல்ட்டையும் எழுது. 13 என்று மட்டும் எழுதாமல் புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் எழுது.

அன்புடன்,
மொட்டையன்