கள்ளிச் செடிகளைப் பெயர் எழுதி விற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழு ஆண்டுகளாக வீட்டு மாடியில் கள்ளிச் செடிகள் வளர்த்து வருகிறேன். இப்போதிருக்கும் அறுபது தொட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை நான் வாங்கியபோது, விற்றவர்கள் 'கேக்டஸ்' என்பதற்கு மேல் எந்தப் பெயரும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு அப்படி வாங்கிய ஒன்றைத் தொட்டி மாற்றுகையில் கிளை முறிந்து, தெறித்த பால் என் மனைவியின் கண்ணில் பட்டு, இரண்டு நாள் அவர் பட்ட வேதனையைப் பார்த்த பிறகே பெயரில்லாச் செடிகளை ஒவ்வொன்றாக இனம் காண உட்கார்ந்தேன்.

அந்தச் செடி கேக்டஸே அல்ல. நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றின் உறவான அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. கேக்டஸ் குடும்பமோ, ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் ஒரேயோர் இனம் நீங்கலாக, அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததுதான். தமிழில் இரண்டையுமே கள்ளி என்று அழைப்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. பால் வடிவதை மட்டும் வைத்தும் முடிவு செய்ய இயலாது, ஏனெனில் மாமில்லேரியா என்ற கேக்டஸ் பேரினத்தின் சில வகைகளிலும் பால் உண்டு. முட்கள் கிளம்பும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு திண்டு இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. அது கேக்டஸுக்கு மட்டுமே உரிய உறுப்பு.

அதற்கு மேல் இனம் பிரிக்கப் பூவுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். உருண்டையாக, ஒன்றுபோலவே தோன்றிய என் இரு செடிகளில் ஒன்று மூன்றாம் ஆண்டில் மொட்டு விட்டபோது மொட்டின் மேல் ரோமமே இல்லை, வழவழப்பான செதில்கள்தான் இருந்தன. ஆகவே அது ஜிம்னோகேலிசியம் என்ற கேக்டஸ் பேரினம். மற்றதன் நீண்ட பூக்குழலில் ரோமம் அடர்ந்திருந்ததால் அது எக்கினாப்சிஸ் என்ற வேறொரு பேரினம் என்று தெரிந்தது. கடைகளில் செயற்கைப் பூவைப் பசையால் ஒட்டி விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வாங்குபவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த அடையாளத்தையே அது பொய்யாக்கிவிடுகிறது.

பெயர் தவறியதன் விளைவை இந்நாடு முன்பே கண்டிருக்கிறது. 1795இல், சப்பாத்திக்கள்ளியில் வாழ்ந்து சிவப்புச் சாயம் தரும் உயர்ந்த கொச்சினீல் பூச்சி என நம்பிப் பிரேசிலிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது வேறோர் இனம். நல்ல சாயம் கிடைக்காததோடு, தென்னிந்தியாவில் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியையே அது அழித்துத் தீர்த்தது. மற்றொரு வகையை அப்பூச்சியால் அழிக்க முடியாததால், அதைக் கட்டுப்படுத்த 1926இல் இன்னொரு பூச்சியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. செடியும் பூச்சியும் எந்த இனம் என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறியது.

ஆகவே நர்சரி நடத்துவோர் ஒவ்வொரு தொட்டியிலும் பேரினப் பெயரையேனும் எழுதிய ஒரு சீட்டைச் செருக வேண்டும். பால் வடியும் செடியானால் கண்ணில் படக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் இருக்க வேண்டும். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் இதை முதலில் தொடங்கினால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.